சுகர் இல்லாதவர்களின் சுகர் பயம்

வெறும் வயிற்றில் 94. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 118. மூன்று மாதச் சராசரி 5.4. இந்த மூன்று எண்களை எந்த டாக்டரிடம் நீட்டினாலும், "ஒன்னுமில்ல, போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். ஆனால் அப்பா கால் விரலைப் பறிகொடுத்தவர், அம்மா பதினைந்து வருஷமாக மாத்திரை விழுங்குபவர் என்று வைத்துக்கொண்டால், அந்த நிம்மதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடத் தாங்குவதில்லை. போன தடவை 89 இருந்ததே, இப்போது 94 ஆகிவிட்டதே என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கிறது. அடுத்த வாரம் மருந்துக் கடையில் குளுக்கோமீட்டர் வாங்கியாகிறது. அதற்கடுத்த வாரம் வீட்டில் இட்லியை எண்ணிச் சாப்பிடும் ஆள் ஒருவர் உருவாகிவிடுகிறார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இந்த ஆளை எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். சுகர் வந்தவருக்கு மாத்திரை இருக்கிறது, மாதாமாதம் போய் நிற்க ஒரு வரிசை இருக்கிறது, சமயத்தில் கேலி செய்ய ஒரு குடும்பமும் இருக்கிறது. சுகர் வராமலே பயப்படுகிறவருக்கு எதுவும் இல்லை. அவர் பயத்தில் நியாயம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஊர். விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பகுதி வானம் பார்த்த கரிசல் காடு. பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, மல்லி, மிளகாய் எல்லாமே மழையை நம்பி நடந்த வெள்ளாமை. குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாளைவிட மணல் தெரிகிற நாள்தான் அதிகம். மழை பொய்த்த வருஷம் சீமைக்கருவேலத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தார்கள். அருப்புக்கோட்டை டவுனுக்குள் வந்தால் தறி. குழித்தறியில் உட்கார்ந்தால் கை நாடாவை வீச வேண்டும், கால் மிதியை அழுத்த வேண்டும்; பொழுது சாயும்வரை உடம்பு ஓயாது. பிறகு விசைத்தறி வந்தது, நூற்பாலைகள் வந்தன. மிதிக்கத் தேவையில்லை, பக்கத்தில் நின்று அறுந்த இழையைப் பார்த்துக்கொண்டால் போதும். காட்டில் டிராக்டர், தெருவில் குழாய், பக்கத்து ஊருக்குப் போக பைக். கம்பங்கூழும் சோளச்சோறும் இருந்த பானையில் ரேஷன் அரிசி ஏறியது. ராத்திரிக்கு எண்ணெய்ப் பரோட்டா. உழைப்பு குறைந்ததை யாரும் குற்றமாகச் சொல்லிவிட முடியாது. முதுகு ஒடிந்த தலைமுறைக்கு அது விடுதலை. ஆனால் ஒரே வீட்டில், தாத்தாவுக்கு வராத வியாதி அப்பாவுக்கு ஐம்பதிலும் மகனுக்கு முப்பத்தெட்டிலும் வருகிற காலம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதைவிடக் கவலைக்குரிய எண் ஒன்று அதே கணக்கெடுப்பில் உண்டு: நோய் இருந்தவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நாடு முழுவதையும் பார்த்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வு 2023-இல் சொன்ன கணக்கு: 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நோய், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்தைய படியில். ஜனங்கள் "பார்டர்ல இருக்கு" என்று சொல்வது இந்த முந்தைய படியைத்தான்.

சரி, பரம்பரை. "நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடி சொல்வார்கள். அது வெறும் பேச்சல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் எம். விஸ்வநாதன். அவரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், அப்பா அம்மா இருவருக்கும் நோய் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைச் சோதித்தபோது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நோய் இருந்தது. பயப்பட வைக்கிற எண்தான். ஆனால் அந்தக் குடும்பங்கள் ஆஸ்பத்திரி தேடி வந்த குடும்பங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் எண்ணியது அல்ல. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் பல தலைமுறைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 2000-இல் சொன்னது இது: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு, இருவருக்கும் இருந்தால் ஆறு மடங்கு.

இந்த மடங்குக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. குடும்பம் என்பது மரபணு மட்டுமல்ல. ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே நேரத்துச் சாப்பாடு, சாப்பிட்டதும் ஒரே டிவி முன்னால் உட்காரும் பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் குடும்பம். 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு வேறுபாட்டைச் சென்னை ஆய்வாளர்கள் நம்மவர்களிடமும் கண்டார்கள். அதற்குப் பிறகு இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம்தான். அப்பாவின் சுகரை அப்படியே மகனிடம் கொண்டு சேர்க்கும் ஒற்றை மரபணு, அபூர்வமான சில வகைகளைத் தவிர, கிடையாது.

வறண்ட மண்ணுக்கென்று இன்னொரு வாதமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை மதுரைச் சீமை இன்றும் மறக்கவில்லை. பஞ்சம் முடிந்த மறு வருஷம், 1879 டிசம்பரில்தான் திருச்சுழியில் ரமணர் பிறந்தார். எவ்வளவு கிட்டத்தில் நடந்தது என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்பப் பட்டினி கண்ட இனத்தில், கிடைத்ததைச் சேமித்து வைக்கும் உடம்புதான் தப்பிப் பிழைத்திருக்கும், அந்த உடம்புக்கு மூன்று வேளையும் அரிசி கிடைத்தால் சர்க்கரை நோய் வரும் என்று அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962-இல் சொன்னார். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. கச்சிதமாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். நீலே பின்னாளில் அதைத் திருத்திக்கொண்டார். 1992-இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இருவர் வேறு விதமாகச் சொன்னார்கள்: விஷயம் பரம்பரையில் இல்லை, தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குக் கிடைத்த ஊட்டத்தில் இருக்கிறது. புணேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் பச்சைக் குழந்தைகளை அளந்து பார்த்தார். இங்கிலாந்துக் குழந்தை சராசரி மூன்றரைக் கிலோ, புணே கிராமத்துக் குழந்தை 2.7 கிலோ. சதை குறைந்திருந்தது, தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்ற சமாதானம் நம் ஊரில் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

இனி, அந்த 94-க்கு வருவோம்.

நார்மல் என்ற கோடே நகர்ந்து வந்திருக்கிறது. 1997 வரை வெறும் வயிற்றில் 140 தொட்டால்தான் நோய் என்றார்கள். அந்த வருஷம் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126-க்கு இறக்கியது. பார்டர் என்பது 110-இல் தொடங்கியது. 2003-இல் அதே சங்கம் அதையும் 100 ஆக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110-ஐ விடவில்லை. ஆக, 104 வந்த ஒருவர் ஒரு பட்டியலில் பார்டர், இன்னொன்றில் நார்மல். லேப் சீட்டின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எல்லை எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 94 எந்தப் பட்டியலிலும் நார்மல்தான். சாப்பிட்ட பின் 140-க்குக் கீழே, மூன்று மாதச் சராசரி 5.7-க்குக் கீழே என்பதும் அப்படியே.

பிறகு, 89-க்கும் 94-க்கும் நடுவில் உள்ள அந்த ஐந்து. வீட்டில் வைத்திருக்கும் மீட்டருக்கு 2013-இல் வகுத்த சர்வதேசத் தரவிதி, 100-க்குக் கீழான அளவுகளில் 15 புள்ளி முன்னே பின்னே போக இடம் தருகிறது. 100-க்கு மேலே என்றால் 15 சதவீதம். அதாவது திரையில் 94 என்று வந்தால் உண்மையில் 80 ஆகவும் இருக்கலாம், 108 ஆகவும் இருக்கலாம்; மீட்டர் பழுதில்லை, விதிப்படி சரியாகவே வேலை செய்கிறது. இதற்கு மேல் உடம்பே நாளுக்கு நாள் ஐந்து, பத்து ஏறி இறங்கும். ராத்திரி தூக்கம் கெட்டால் ஏறும். மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் ஏறும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் அது என்ன சொல்லும் என்று அதைச் செய்த கம்பெனிக்கே தெரியாது.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ரத்தம் குறைந்தவர்களுக்கு மீட்டர் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை என்றால், மூன்று மாதச் சராசரியும் உள்ளதைவிடக் கொஞ்சம் உயர்ந்து தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். "5.8 வந்திருக்கு, அம்மா மாதிரியே ஆயிட்டேன்" என்று கலங்கும் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். இரும்பு மாத்திரையில் தீர வேண்டிய பிரச்சினை இட்லியைக் குறைத்துத் தீராது. கூடிப்போகவும் செய்யும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் குத்திப் பார்த்து 150 கண்டு அலறுகிறவர்களும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் சர்க்கரை நோய் இல்லாத 153 பேருக்கு, ராவும் பகலும் அளக்கும் கருவியை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் 96 சதவீத நேரம் 70-க்கும் 140-க்கும் நடுவில் இருந்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் அரை மணி நேரம் 140-ஐத் தாண்டினார்கள். நோயே இல்லாதவர்கள்! சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவதும் பிறகு இறங்குவதும்தான் உடம்பின் வேலை. இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அந்த இரண்டு மணி நேரக் கணக்கு.

அடிக்கடி குத்திப் பார்ப்பதால் லாபம் உண்டா? நோய் இல்லாதவர்களை விடுங்கள், நோய் வந்து இன்சுலின் போடாமல் மாத்திரையில் இருப்பவர்களுக்கே பெரிய லாபம் தெரியவில்லை. வட கரோலினாவில் அப்படிப்பட்ட 450 பேரை ஒரு வருஷம் கவனித்த ஆய்வு 2017-இல் வந்தது. தினமும் குத்தியவர்களுக்கும் குத்தாதவர்களுக்கும் வருஷக் கடைசியில் மூன்று மாதச் சராசரியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வட அயர்லாந்தில் புதிதாக நோய் கண்ட 184 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வந்தது. அதில் வீட்டில் சோதித்துக்கொண்டவர்களின் மனச்சோர்வு அளவு மற்றவர்களைவிட ஆறு சதவீதம் கூடுதல். விதைத்த மறுநாளிலிருந்து மண்ணைக் கிளறி முளை வந்துவிட்டதா என்று பார்க்கும் சம்சாரிக்குப் பயிர் சீக்கிரம் வந்துவிடாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பயமே வேண்டாம்" என்று முடித்தால் அது ஏமாற்று வேலை. சென்னை நகர மக்களைச் சராசரியாக ஒன்பது வருஷம் தொடர்ந்த 'க்யூர்ஸ்' ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் எல்லாம் நார்மல் என்று எழுதப்பட்டவர்களில் 19.4 சதவீதம் பேர் நோயாளிகளாகவும் 25.7 சதவீதம் பேர் பார்டர்காரர்களாகவும் மாறியிருந்தார்கள். நார்மலாக இருந்த நூறு பேரில் நாற்பத்தைந்து பேர்! இன்றைய 94 பொய்யில்லை. ஒன்பது வருஷத்துக்கு அது ஜாமீன் நிற்காது, அவ்வளவுதான். ஆனால் அந்த மாற்றம் வருஷக் கணக்கில் நடந்தது, கிழமைக் கணக்கில் இல்லை. நாட்டின் தொற்றா நோய்த் திட்டம் முப்பது வயதிலிருந்து வருஷம் ஒருமுறை பார்க்கச் சொல்வது இதனால்தான். பரம்பரை உள்ளவர் அந்த ஒருமுறையை லேபில், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. வெறும் வயிற்று அளவு சரியாக இருந்து, சாப்பிட்ட பின் அளவு மட்டும் முதலில் கெடுவது நம்மவர்களிடம் சகஜம். இடையில் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது கண்டால் மட்டும் வருஷக் கணக்கு பார்க்காமல் உடனே போக வேண்டும்.

அந்த நாற்பத்தைந்தில் யார், ஐம்பத்தைந்தில் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓரளவுக்கு. சென்னையில் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஒரு மதிப்பெண் அட்டை தயாரித்தார்கள். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். டெய்லரிடம் இருக்கும் அளவு நாடா போதும். மொத்தம் நூறு. வயதுக்கு 30 வரை, இடுப்புச் சுற்றளவுக்கு 20 வரை, உடலுழைப்பு இல்லாமைக்கு 30 வரை, பரம்பரைக்கு 20 வரை. அறுபதைத் தொட்டால் ஆபத்து அதிகம்.

பயப்படும் நம்மாள் தூக்கம் கெட்டது எதற்காகவோ அதற்கு இந்த அட்டை தருவது, இரண்டு பெற்றோரையும் சேர்த்தே, நூற்றில் இருபது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பத்து. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரம்பரையில் சுகரே இல்லாத ஐம்பது வயதுக்காரர், இடுப்பு 100 சென்டிமீட்டர், கல்லாவில் உட்கார்ந்த வேலை, நடை கிடையாது: 30, 20, 30, ஆக 80. அப்பா அம்மா இருவருக்கும் சுகர் உள்ள நாற்பது வயதுக்காரர், இடுப்பு 90-க்குக் கீழே, தினமும் நடக்கிறார்: வயதுக்கு 20, இடுப்புக்கு 0, உழைப்புக்கு 20, பரம்பரைக்கு 20. மொத்தம் 60. பயப்படாத முதலாமவர் பரோட்டா மாஸ்டரிடம் இன்னொன்று போடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறுபதுகாரர் மீட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அதே அறுபதுகாரர் தொப்பை போட்டு நடையையும் விட்டால் 90. பரம்பரையும் வயதும் விட்டுக்கொடுக்காது. மற்ற இரண்டும் பேச்சு வார்த்தைக்கு வரும்.

அந்தப் பேச்சு வார்த்தை பலிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஏ. ராமச்சந்திரன் சென்னையிலிருந்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், பார்டரில் இருந்த 531 பேர் மூன்று வருஷம் கவனிக்கப்பட்டார்கள். முடிவு 2006-இல் வந்தது. தனி ஆலோசனை இல்லாமல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தால் 40.5, இரண்டையும் சேர்த்தாலும் 39.5. மாத்திரை செய்த வேலையை நடையே செய்துவிட்டது. எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது. வராமலே போய்விடுமா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986-இல் தொடங்கி முப்பது வருஷம் தொடர்ந்த ஆய்வில் நோய் சராசரியாக நான்கு வருஷம் தள்ளிப்போனது. நான்கு வருஷம் கம்மியா என்று கேட்கலாம். கால் விரல், கண், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் நான்கு வருஷம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊரில் சில நம்பிக்கைகள் தைரியமாக உலவுகின்றன. சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறியவர் சுகருக்குத் தப்பிவிட்டதாக நினைக்கிறார். இரத்தத்துக்கு இரண்டும் சர்க்கரைதான். குதிரைவாலி நல்லதுதான், ஆனால் தவிட்டை முழுக்கத் தீட்டிய வெள்ளைக் குதிரைவாலியைத் தட்டு நிறையக் குவித்தால் அரிசிக்கும் அதற்கும் தூரம் குறைந்துவிடும். நடை என்பதும் சொல்வதற்குத்தான் சுலபம். பத்து மணிக்கு மேல் வெயில், இருட்டினால் பெண்கள் தனியாகப் போக முடியாத ரோடு. நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரைக்கு மண் சுமக்கும் பெண்ணிடம் "தினமும் வாக்கிங் போங்க" என்று சொல்பவருக்கு ஊர் தெரியாது என்று அர்த்தம். அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிள்ளை உண்டாகியிருந்தபோது சுகர் இருந்ததா? தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. அப்போது சுகர் இருந்து பிரசவத்தோடு சரியாகிப்போன பெண்ணுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு. அப்பா அம்மா இருவருக்கும் இருப்பதைவிடவும் இது அதிகம். "அதான் பிரசவத்தோட போயிருச்சே" என்று அந்தச் சீட்டைத் தூக்கிப்போட்டவர்கள்தான் நிறைய.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சோதனைக்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய காலம் போய்விட்டது. வாசலுக்கு வருகிறவர்களிடம் கையை நீட்டுவதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். வாராவாரம் குத்திப் பார்க்கிறவர் முதல் ஆளாக நிற்பார். அவருடைய அண்ணன், அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர், அதே இருபது மதிப்பெண்ணோடு, வயதுக்கும் தொப்பைக்கும் தம்பியைவிடக் கூடவே வாங்கக்கூடியவர், "எனக்கெல்லாம் ஒன்னும் கிடையாது" என்று பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். திறந்த ஸ்ட்ரிப் டப்பா சில மாதங்களில் காலாவதியாகிவிடும். தம்பி வாங்கி வைத்திருக்கும் டப்பாவில் ஒன்று அண்ணன் விரலுக்குப் போனால், அந்த வீட்டில் அந்த மாதம் நடந்த உபயோகமான சோதனை அதுவாகத்தான் இருக்கும்.